கவிழ்த்து வைத்த ஐந்து வாளிகள்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. பள்ளி முகவரியில், நூலகத்து அம்மாவின் பார்வைக்கு என்று எழுது. அவரிடம் பேசிவிட்டேன். "உங்க அக்கா இங்க படிச்சப்ப எடுத்துட்டுப் போன ரெண்டு புத்தகம் இன்னும் வரல, அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லு" என்றார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா கூடத்தில் தூங்குகிறார். அவர் புரண்டு படுத்தால் கட்டில் முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி நிற்பேன். இதற்குள் இரண்டு தடவை நின்றாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வீட்டில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது. போன வாரம் அம்மா துணி மடிக்கும்போது, "பெரியவளுக்கு இந்தக் கலர்னா உயிர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு நீ சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அப்பா கவைக்குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பார்க்கக் கூப்பிட்ட அந்த மனிதரின் நிலத்தில் நடந்தார். குச்சி தாழ்ந்தது. "இந்த இடத்துல துளை போடுங்க, தண்ணி நிச்சயம்" என்றார். நீ அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தண்ணி ஒண்ணும் இழுக்கல அப்பா, உங்க கைதான் ஆடுது. கீழ என்ன பாறை இருக்குன்னு பார்க்காம எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாய். அந்த ஆள் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அப்பாவால் தாங்க முடியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், "என் கைய நம்பாதவ என் கையால சாப்பிட வேண்டாம்" என்று அவர் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

இந்த வருஷம் எட்டாம் வகுப்பில் எனக்கு நிலவியல் பாடம் வந்திருக்கிறது. நீயும் அங்கே எட்டாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்துகிறாயாம். உன் பிள்ளைகள் உனக்குப் பயப்படுகிறார்களா? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 27

என் பொடிசுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர், "என்ன, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டுவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இல்லை என்றேன். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, சொல்லவும் முடியாது உன்னால்.

பிள்ளைகள் எனக்குப் பயப்படுகிறார்களா என்று கேட்டாயே. நேற்று நடந்ததைக் கேள். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட, ஆளுக்கொரு அவித்த முட்டை கொண்டுவரச் சொன்னேன். ஓடுதான் புவி மேலோடு, வெள்ளைதான் கவசம், மஞ்சள்தான் கருவம். பாதியாக வெட்டி வரையச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேரிடம் மேலோடு மட்டும்தான் மிச்சம். "கவசம் எங்கடா?" என்றேன். "பூகம்பத்துல போயிடுச்சு டீச்சர்" என்றான் ஒருவன். எனக்கு எரிமலை டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கிறேன், மற்ற நாளில் புகைச்சல்தான்.

பாறைகளைச் சுரண்டிப் பார்த்து எது கடினம் என்று வரிசைப்படுத்துவது, மண்ணைத் தண்ணீரில் கலக்கி பாட்டிலில் படியவிடுவது, இவைதான் என் நாட்கள். கைப்பை முழுக்கக் கல். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் பையைத் தூக்கிக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வேறு எதைப் பற்றியும் நீ கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. படி, தூங்கு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்கா,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் கடிதத்தை நூலகத்தில் உலகப்படப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். நூலகத்து அம்மா, "படத்துல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் அறிவியல் சாரும் பாட்டிலில் மண் படியவிடச் சொன்னார். அவர் சட்டை எப்போதும் சுண்ணக்கட்டித் தூளாக இருக்கும், அதனால் சுண்ணாம்பு சார். நல்லவர். நான் கொல்லை மண்ணை எடுத்துக் கலக்கி ஜன்னலில் வைத்தேன். அப்பா வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல மணல் எறங்குதா?" என்றார். "ஆமாம்பா, கனமானது மொதல்ல, களிமண் கடைசியில" என்றேன். "யார் சொன்னா?" என்று கேட்டார். சார் சொன்னார் என்றேன். அது உண்மைதான், ஆனாலும் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பாட்டிலை யாரும் தட்டிவிடாமல் இருக்க அவரே அலமாரி மேல் எடுத்து வைத்திருந்தார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீ சரியாகச் சாப்பிடு.

உன் தங்கை

ஆகஸ்ட் 2

பொடிசுக்கு,

சளி பிடித்து மூன்று நாள் குரலே இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இப்போது தேறிவிட்டேன்.

நிலத்தடி நீர் பாடம் தொடங்கினேன். பழைய மீன் தொட்டி ஒன்றில் களிமண், மேலே சரளை, அதற்கு மேலே மணல் என்று பரப்பி, தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகினேன். அதுதான் கிணறு. தண்ணீர் ஆறு மாதிரி ஓடவில்லை, மண்ணின் இடுக்குகளில் நிரம்பி நிற்கிறது என்று பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டுல குச்சி வெச்சுத்தான் டீச்சர் பார்த்தாங்க. அது உண்மையா?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றேன். ஐந்து வாளிகளை வரிசையாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய பாட்டில், மற்றவற்றுக்கு அடியில் காலி பாட்டில். வைக்கிறவர் வெளியே போய்விட வேண்டும். குச்சி பிடிக்கிறவர் நடந்து பார்த்து எது என்று சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஒரு முறை சரியாக வரும். அதைவிட நன்றாக வருகிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் குச்சி பிடித்தார்கள். யாருக்கும் அதைவிட நன்றாக வரவில்லை. இவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.

ஆசிரியர்களுக்கான மாத இதழுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். போடுவார்களோ என்னவோ.

அம்மா முழங்கால் வலி எப்படி?

அக்கா

ஆகஸ்ட் 30

பொடிசுக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. காய்ச்சலா? பரீட்சையா? நூலகத்து அம்மாவுக்கு இரண்டு புத்தகங்களையும் அனுப்பிவிட்டேன், அபராதம் கேட்டால் என் தலையில் எழுதச் சொல்.

இதழில் என் கட்டுரை வந்துவிட்டது! தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். ஒரு வரியாவது எழுது. கட்டில் முனகி நீ மாட்டிக்கொண்டாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நான் மாட்டவில்லை. காய்ச்சலும் இல்லை. உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து வாளி என்று படித்ததுமே எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன் கட்டுரை இங்கேயும் வந்துவிட்டது. சுண்ணாம்பு சார் போன திங்கள் வகுப்பில் வாசித்தார். எழுதியவர் என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. "நல்ல சோதனை. நாமும் செய்வோம். ஆனா குச்சியே பிடிச்சுப் பழகாத உங்கள வெச்சுச் செஞ்சா நியாயம் இல்ல. இந்த ஊர்லயே பேர் போனவர் ஒருத்தர் இருக்கார்" என்று என்னைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "முன்னாடியே யாரும் அவர்கிட்டச் சொல்லக் கூடாது. சொன்னா சோதனை கெட்டுடும். முக்கியமா நீ" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவுக்கு போன் செய்துவிட்டார். பிள்ளைகளுக்கு உங்கள் தொழிலைச் செய்துகாட்ட முடியுமா என்று மட்டும் கேட்டாராம். அக்கா, அப்பா அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம், "ஸ்கூல்லயே கூப்பிடுறாங்க பாரு. படிச்சவங்க கூப்பிடுறாங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். பேசுவதற்குக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். "மாணவச் செல்வங்களே" என்று தொடங்குகிறார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. நான் சொல்லாவிட்டால் என் வகுப்பே அவரைப் பார்த்துச் சிரிக்கும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், அந்தச் சோதனையில் தோற்பேன் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்பார். எனக்குப் பொய் வராது. இந்தக் கடிதங்கள் தெரிந்துவிடும். உன்னை மாதிரி என்னையும் போகச் சொன்னால் நான் எங்கே போவேன்? எனக்குப் பதின்மூன்று வயதுதான்.

இன்னொன்று. கட்டுரையில் "எனக்குத் தெரிந்த ஒரு முதியவர்" என்று எழுதியிருக்கிறாய். அப்பா முதியவரா அக்கா?

உன் தங்கை

செப்டம்பர் 14

பொடிசுக்கு,

முதலில் மூச்சை விடு. உன்னை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள்.

யோசித்துப் பார். உங்கள் சார் செய்வதில் தப்பில்லை. ஒரு விஷயம் உண்மையா என்று பார்ப்பது அவமானம் இல்லை. எத்தனை பேர் அப்பா காட்டிய இடத்தில் துளை போட்டு வெறும் புழுதியைப் பார்த்திருக்கிறார்கள்? அவர்களுடைய கஷ்டமும் கஷ்டம்தானே. அப்பாவுக்கே ஒரு நாள் இது தெரிய வேண்டியதுதான். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்றார், வாளிகளைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

நீ இதில் தலையிடாதே. பரீட்சைக்குப் படி. முதியவர் என்பது அடையாளம் தெரியாமல் இருக்க எழுதியது.

அக்கா

செப்டம்பர் 18

அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

அப்பா அந்த வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டார். காலர் மடங்கிவிட்டது என்று மறுபடி தண்ணீர் தெளித்துப் போட்டார். அம்மா போட்டுத் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. நீ சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நீ அதைப் பார்க்கவில்லை.

தங்கை

செப்டம்பர் 22

பொடிசுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் பாடம் நடத்த முடியவில்லை. தீப்பாறையைக் கையில் எடுத்துக் காட்டிப் படிவுப்பாறை என்றேன். பிள்ளைகளே திருத்தினார்கள்.

அந்தச் சோதனையை நான் முன்வரிசைப் பெண்ணுக்காக யோசித்ததாக உனக்கு எழுதினேன். அவள் கேட்பதற்கு முன்பே வாளிகள் என் தலையில் இருந்தன. இங்கே வந்த முதல் மாதம், தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அப்பாவை அவற்றின் நடுவே நடக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் தோற்பார். அப்புறம் தூங்கிவிடுவேன்.

சோதனை சரிதான். என் புத்திதான் சரியில்லை. அப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று உங்கள் சாருக்கு இன்றே எழுதிவிட்டேன், நான் யார் என்பதையும் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கு முன்னால் போய்ச் சேருமா தெரியாது. நீ அப்பாவிடம் சொல்வதாக இருந்தால் என் பெயரைச் சொல்லியே சொல். எல்லாம் அவள் வேலை என்று சொல்லிவிடு. ஏற்கெனவே கோபம் இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது.

தைரியமாக இரு.

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

உன் கடிதம் வருவதற்குள்ளேயே நான் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டு கவைக்குச்சிகளை மேசை மேல் வைத்து, "எத எடுத்துட்டுப் போகலாம்? நீ சொல்லு, உன் ஸ்கூல்தானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் எதுவும் புரியாமல், "எதுவும் புடிக்கலையா? வேற வெட்டிக்கலாம் விடு" என்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாளி, பாட்டில், மாத இதழ், நீ, நூலகத்து அம்மா, ஜூன் மாதத்திலிருந்து எழுதிய கடிதங்கள், எல்லாம். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள், அப்படியே நின்றாள்.

அப்பா கத்துவார் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளா யோசிச்சா இத?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனை பக்கெட்?" என்றார்.

"அஞ்சு."

"எடுத்துட்டு வா."

வீட்டில் மூன்றுதான் இருந்தது. அம்மா பக்கத்து வீட்டில் போய் இரண்டு வாங்கி வந்தாள். கொல்லையில் வரிசையாகக் கவிழ்த்தேன். அப்பா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், நான் பாட்டிலை வைத்துவிட்டு வேலிப் பக்கம் போய்த் திரும்பி நின்றேன். அவர் வந்து நடந்தார். முதல் தடவை தப்பு. "பாட்டில் சின்னது" என்றார். பெரிய கேனை வைத்தேன். தப்பு. மூன்றாவது தடவை சரியாக வந்ததும், "பார்த்தியா!" என்று கத்தினார். அம்மாகூடச் சிரித்தாள். அதற்கப்புறம் தொடர்ந்து தப்புதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் குச்சி தாழ்ந்தது அக்கா. அவர் ஏமாற்றவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கை நரம்பு புடைக்க அவர் அதை நிமிர்த்திப் பிடிக்கத்தான் பார்த்தார், அது தாழ்ந்தது, வாளியைத் தூக்கினால் காலி பாட்டில்.

ஒரு கட்டத்தில் எனக்குத் தாங்கவில்லை. அவருக்குப் புரியட்டும் என்று, தண்ணீர் இருக்கிற வாளிக்கு நேராக வந்து நின்று காலை மாற்றி வைத்தேன். "கள்ளத்தனம் வேணாம், தள்ளி நில்லு" என்றார். இருட்டும்வரை விடவில்லை. அப்புறம் வாளிகளை அவரே கழுவி, பக்கத்து வீட்டுக்காரர்களுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் கடிதம் அவருக்கு வந்திருந்தது. "எனக்குத் தெரியாமப் போச்சும்மா. நான் யோசிச்சிருக்கணும். நிறுத்திடலாமா? நீ சொல்லு" என்றார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பா, "வரேன்னு சொன்னா வரேன்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு" என்றார்.

வகுப்பில் அவர் "மாணவச் செல்வங்களே" என்று தொடங்கவில்லை. "என்னை எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். வீட்டுல செஞ்சு பார்த்துட்டேன், சரியா வரல. உங்க முன்னாடியும் செய்றேன். தப்பில்லாம எண்ணிக்கோங்க" என்றார். ஐந்தில் ஒன்று வந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கவில்லை என்று உனக்கு எழுத ஆசைதான், ஆனால் சிரித்தார்கள். சார் மேசையைத் தட்டினார்.

அப்போது என் பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்து, "எங்க வீட்டு போர் நீங்க காட்டின எடத்துலதானே போட்டாங்க. அதுல மட்டும் எப்படித் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டாள். நம் அப்பாவைக் காப்பாற்றத்தான் அவள் கேட்டாள். அவர் குச்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தெரியலம்மா" என்றார்.

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியலதான். இத்தனை நாள் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

சார் எழுந்து நின்று கை தட்டினார். சில பேர் தட்டினார்கள், எல்லாரும் இல்லை. நான் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். இரண்டு நாளாகப் பேச்சு குறைவு. நேற்று ஒருவர் நிலம் பார்க்கக் கூப்பிட்டு போன் செய்தார். "இப்ப வரதுக்கில்ல" என்று வைத்துவிட்டார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடிதம் எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதனால் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், பழையபடி தரையில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

அவர் இனிமேல் என்ன செய்வார் அக்கா? நான் கெடுத்துவிட்டேனா?

உன் தங்கை

அக்டோபர் 11

மூத்தவளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. நீ இளைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட நேரம் தராதா?

சின்னவளிடம் கேட்டு உன் கட்டுரையை வாங்கிப் படித்தேன். முதியவர் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. மற்றபடி தெளிவாக எழுதியிருக்கிறாய்.

அந்த மனிதர் முன்னால் நீ அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதும் கத்தித்தான் இருப்பேன். ஆனாலும் நீ வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனாலும் வேறு யாரிடம் போவது என்கிறார். குச்சியை எடுக்காமல் அவருடன் போய் நிலத்தைச் சுற்றிப் பார்த்தேன். குச்சி இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பின்னால் கட்டிக்கொண்டேன். மேற்கே மேடு, கிழக்கே சரிவு. சரிவில் பழைய கிணறு ஒன்று, வெயில் காலத்தில் வற்றிவிடும். மேட்டில் போட்ட துளையில் நானூறு அடிக்கும் தண்ணீர் இல்லை. நடுவில் கறுப்புப் பாறை ஒன்று தரைக்கு மேல் முதுகு காட்டிக்கொண்டு நீளமாகப் போகிறது. அதன் மேட்டுப் பக்கம் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது. சின்னவள் படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். பாறையில் ஒரு துண்டும் பொட்டலத்தில் இருக்கிறது. தபால்காரர் கனத்துக்குத் தனியாகக் கேட்டார்.

என் மூத்தவள் நிலவியல் படித்தவள், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே துளை போடலாம் என்று பார்த்து எழுது.

உனக்கும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. நான் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். சொன்ன பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பசித்தது, சாப்பிட்டேன்.

சீக்கிரம் எழுது. ஆள் காத்திருக்கிறார்.

அப்பா